அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா? ஆங்கில வகுப்பு விவாதத்துக்கு மாணவர்களைத் தயார்செய்யும் முழுமையான வழிகாட்டி

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புத் தமிழ் வழி மாணவர்களை ஆங்கிலத்தில் விவாதிக்க வைப்பதற்காக, ஆண்டுதோறும் திருத்தித் திருத்தி நான் கைக்கொண்டிருக்கும் முறை இது. முதன்முறை நடத்தும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். நன்றாகப் படிக்கும் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, ஆறு உரைகளையும் தாமே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். விவாத நாளன்று ஆறு ஒப்பித்தல்கள் நடக்கின்றன. எதிரணி சொன்ன எதற்கும் ஒருவரும் பதில் சொல்வதில்லை. மீதி முப்பது பேர் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் முதல் ஆண்டு இப்படித்தான் நடத்தினேன். அதனால்தான் கீழே உள்ள வரிசையில் பதில் சொல்லும் பயிற்சி முன்னாலும், உரை எழுதுவது வெகு பின்னாலும் வருகின்றன. இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

நாற்பது நிமிடப் பாடவேளைகள் பத்து தேவை. அவற்றை இரண்டு வாரங்களில் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; வாரத்துக்கு ஒன்று என்று நீட்டினால், பழகிய வாக்கியங்களை மாணவர்கள் மறந்துவிடுவதால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஒப்பீட்டுச் சொற்களையும், ‘பிகாஸ்’, ‘ஸோ’, ‘பட்’, ‘ஆல்தோ’ ஆகிய நான்கு இணைப்புச் சொற்களையும் வகுப்பு ஏற்கெனவே ஒருமுறை படித்திருக்க வேண்டும். படிக்கவில்லையென்றால் இரண்டு பாடவேளைகளை அதற்குத் தனியாகக் கொடுங்கள். விவாதத்தின் நடுவில் இலக்கணம் நடத்தத் தொடங்கினால் வாதமும் நின்றுவிடும், இலக்கணமும் பதியாது.

பொருள்கள் அதிகம் வேண்டாம். பெரிய சார்ட் தாள் இரண்டு, அரைத்தாள் அளவில் வெட்டிய காகிதக் கட்டு, நேரம் பார்க்க ஒரு கடிகாரம், ஒரு மணி ஆகியவை போதும்.

இன்னொரு முன்னேற்பாடும் உண்டு. வகுப்பில் யார் தனியார் பள்ளியிலிருந்து மாறி வந்தவர், யாருடைய தம்பியோ தங்கையோ இப்போது மெட்ரிக்குலேஷன் பள்ளியில் படிக்கிறார் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்ட முடியாமல் மாறி வந்த பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கக்கூடும். இந்தத் தலைப்பு அந்தப் பிள்ளைக்கு வெறும் தலைப்பாக இருக்காது. தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘அரசுப் பள்ளியைக் குறை சொல்லும் போட்டி வைக்கிறார்கள்’ என்று செய்தி வெளியே போய்ச் சேருவதற்கு அரை நாள் போதும்.

2. தலைப்பை வடிவமைத்தல்

‘எந்தப் பள்ளி சிறந்தது?’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மாணவர்களிடமிருந்து ‘குட்’, ‘வெரி குட்’, ‘பேட்’ என்ற மூன்று சொற்கள்தான் வரும். அதோடு, அரசுப் பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்துகொண்டு ‘தனியார் பள்ளிதான் சிறந்தது’ என்று ஒரு பிள்ளை நிறுவ வேண்டியிருந்தால், தன் பெற்றோர் தனக்குக் குறைவானதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அந்தப் பிள்ளையே சொல்வது போலாகிவிடும்.

தலைப்பில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: யாருக்கு, எந்த வயதில், எதைச் செய்ய வேண்டும். நான் பயன்படுத்துவது இது: ‘எ வில்லேஜ் சைல்ட் ஷுட் ஸ்டடி இன் தி நியரஸ்ட் கவர்ன்மெண்ட் ஸ்கூல் அப் டு கிளாஸ் ஃபைவ்.’ கிராமத்துக் குழந்தை, ஐந்தாம் வகுப்புவரை, அருகிலுள்ள அரசுப் பள்ளி என்று எல்லைகள் தெளிவாக இருப்பதால் தூரம், செலவு, மொழி, விளையாட்டு நேரம் என்று வாதங்கள் தாமாக வந்து விழுகின்றன. ‘ஷுட்’ என்ற சொல் இருப்பதால், எந்தப் பள்ளி உயர்ந்தது என்பதை விட்டு, என்ன செய்யலாம் என்ற திசைக்குப் பேச்சு நகர்கிறது.

வகுப்பில் மனவருத்தம் வரும் என்று தோன்றினால், முதல் ஆண்டில் ‘விடுதியில் தங்கிப் படிப்பதா, வீட்டிலிருந்து போய் வருவதா’ என்ற தலைப்பையோ, ‘இருபாலர் பள்ளியா, தனித்தனிப் பள்ளியா’ என்ற தலைப்பையோ எடுத்துக்கொள்ளலாம். இந்த வழிகாட்டியின் படிகள் அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

3. பள்ளி வகைகளின் பெயர்களைத் தெளிவாக்குதல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லும் ஆசிரியர்களே அதிகம். விவாதத்தின் பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் பிறக்கிறது. பள்ளி வகைகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் நாட்டுக்கு நாடு பொருள் மாறுகின்றன. ‘பப்ளிக் ஸ்கூல்’ என்பது அமெரிக்காவில் அரசு நிதியில் நடக்கும் பள்ளி. இங்கிலாந்திலோ அது கட்டணம் வாங்கும் பழைய தனியார் பள்ளிகளைக் குறிக்கிறது. அரசு நிதியில் நடப்பதை அங்கே ‘ஸ்டேட் ஸ்கூல்’ என்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் பெயர்ப் பலகையில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் தனியார் பள்ளியாகத்தான் இருக்கும். வெளிநாட்டுப் பயிற்சித்தாளை அப்படியே படியெடுத்துக் கொடுத்தபோது, என் வகுப்பில் இரண்டு அணிகளும் ஒரே பக்கத்துக்காகப் பேசிக்கொண்டிருந்தன. ஒருவருக்கொருவர் ஏன் மறுக்கவில்லை என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் எனக்கே புரிந்தது.

ஆகவே, சார்ட் தாளில் நம் மாநிலத்து வகைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யார் நடத்துகிறார்கள்? ஆசிரியரின் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள்? எந்தப் பாடத்திட்டம்? அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் நடுவில் அரசு உதவி பெறும் பள்ளி என்ற வகை இருப்பது பல மாணவர்களுக்கு இந்தக் கேள்விகளால்தான் தெரியவருகிறது. நிர்வாகம் தனியாருடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது என்பதால், அந்தப் பள்ளியை எந்த அணி சேர்த்துக்கொள்வது என்று முன்பே முடிவு செய்துவிட வேண்டும். என் வழக்கம், இந்த விவாதத்தில் அதை இரண்டு பக்கமும் சேர்க்காமல் விட்டுவிடுவது. அடுத்து மெட்ரிக்குலேஷன், சிபிஎஸ்இ ஆகியவற்றை எழுதுங்கள். காரைக்குடியிலேயே கேந்திரிய வித்யாலயா இருப்பதால், சிபிஎஸ்இ என்றாலே தனியார் என்ற எண்ணத்தை அதைக் காட்டித் திருத்திவிடலாம்; அதை நடத்துவது மத்திய அரசு.

‘கான்வென்ட்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். நம் வீடுகளில் ஆங்கில வழித் தனியார் பள்ளி எல்லாமே ‘கான்வென்ட்’தான். ஆங்கிலத்தில் அதன் பொருள் கன்னியாஸ்திரீகளின் மடம், அல்லது அவர்கள் நடத்தும் பள்ளி. ‘ஹாஸ்டல் ஸ்கூல்’ என்பதற்கு ‘போர்டிங் ஸ்கூல்’ என்று மாற்றிக் கொடுங்கள்.

4. ஒரு பாடவேளை முழுவதும் தமிழில்

ஆங்கில வகுப்பில் தமிழா என்று மேற்பார்வைக்கு வருபவர் கேட்கக்கூடும். இந்த ஒரு பாடவேளையை விட்டுக்கொடுக்காதீர்கள். வாதம் இல்லாத மாணவரிடம் ஆங்கிலத்தை எதிர்பார்க்க முடியாது. வாதத்தையும் மொழியையும் ஒரே நேரத்தில் தேடச் சொன்னால் இரண்டும் கிடைக்காமல் ‘மை டாபிக் இஸ்’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

நான்கு நான்கு பேராக உட்கார வைத்து, தலைப்பைத் தமிழில் சொல்லி, இரண்டு பக்கத்துக்கும் காரணங்களைத் தேடச் சொல்லுங்கள். ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்து வரும், அப்பா டைல்ஸ் பட்டறையில் வேலை செய்யும் மாணவன் ஒருவன், ஆங்கிலத்தில் ஒரு வரி பேச வாய் திறக்காதவன், அன்று சொன்னான்: “வேன் காசு, டியூஷன் காசு எல்லாம் சேத்துப் பாத்தா ஃபீஸ விட அதிகமா வருது டீச்சர். ஃபீஸ மட்டும் பேசுனா கணக்குத் தப்பு.” அந்த ஆண்டு விவாதத்தின் மிக வலுவான வாதமாக அமைந்தது அதுதான். அதை ஆங்கிலமாக்க நான்கு எளிய வாக்கியங்கள் போதுமாயிருந்தன: ‘ஸ்கூல் ஃபீஸ் இஸ் ஒன் காஸ்ட். வேன் ஃபீஸ் இஸ் அனதர் காஸ்ட். டியூஷன் இஸ் தி தேர்ட். வீ மஸ்ட் ஆட் ஆல் த்ரீ.’

இந்தப் பாடவேளையின் முடிவில் ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கத்துக்கு மூன்று காரணங்கள் என்று ஆறு காரணங்களைத் தமிழில், காரணத்துக்கு ஒரு வரி வீதம் எழுதித் தர வேண்டும். வரி நீண்டால் மொழிபெயர்ப்பு சிக்கலாகும் என்பதால் பத்துச் சொற்களுக்கு மேல் போகவிடாதீர்கள்.

5. ஆதாரம் சேர்த்தல்

மாணவர்கள் உறுதியாக நம்பும் மூன்று செய்திகள் சரியல்ல. அவற்றை இந்தக் கட்டத்திலேயே எடுத்துப் பேசிவிடுங்கள். விவாத நாளில் திருத்தினால் பேசிய பிள்ளை எல்லார் முன்னிலையிலும் கூசிப்போகும்.

முதலாவது, ‘மெட்ரிக்குலேஷன் பள்ளியில் பாடமே வேறு’ என்பது. சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் வந்தது; 2011-12 முதல் பத்தாம் வகுப்புவரை அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக்குலேஷன் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். மொழிவழி வேறாக இருக்கலாம், பாடம் வேறல்ல. இரண்டாவது, ‘ஆங்கில வழி தனியாரில்தான் உண்டு’ என்பது. அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் நடக்கின்றன. மூன்றாவது, ‘ஏழைப் பிள்ளை தனியார் பள்ளியில் சேரவே முடியாது’ என்பது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் நடத்தாத, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பின் இடங்களில் 25 விழுக்காட்டை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. இந்தச் செய்தி தனியார் பள்ளி அணிக்கு மிகவும் உதவும்.

அரசுப் பள்ளி அணிக்கும் உறுதியான செய்திகள் உள்ளன. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அதே வகுப்புகளை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. ஆனால் நம் தலைப்பு ஐந்தாம் வகுப்புவரை என்பதை நினைவூட்டி, இவற்றில் எது தலைப்புக்குள் வருகிறது என்று மாணவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். காலை உணவு உள்ளே வரும். மற்ற இரண்டும் ஆறாம் வகுப்பில் தொடங்குவதால் வெளியே நிற்கும். தலைப்பின் எல்லைக்குள் நின்று யோசிப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை.

வீட்டிலும் ஒரு வேலை கொடுங்கள். அப்பத்தா, ஐயா, அம்மா, சித்தப்பா என்று யாராவது இருவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டு வர வேண்டும்: “நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீக? ஏன் அதுல சேத்தாக?” விடையைத் தமிழில் எழுதி வந்தால் போதும், வகுப்பில் ஆங்கிலமாக்கலாம். ‘மை கிராண்ட்மதர் ஸ்டாப்டு ஆஃப்டர் கிளாஸ் ஃபைவ் பிகாஸ் தி நெக்ஸ்ட் ஸ்கூல் வாஸ் ஃபார்’ என்று ஒரு மாணவி சொல்லும்போது குரலில் வரும் உறுதி, புத்தகத்திலிருந்து எடுத்த வரியைச் சொல்லும்போது வருவதில்லை. வீட்டுச் செய்தியைச் சொல்ல விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். அக்கம்பக்கத்தில் கேட்டு வரலாம்.

6. பக்கத்தைச் சீட்டுப் போட்டுப் பிரித்தல்

யார் எந்த அணி என்பதை மாணவரின் விருப்பத்துக்கு விடாதீர்கள், நீங்களும் தீர்மானிக்காதீர்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். தனக்கு விழுந்த பக்கத்துக்காகப் பேசுகிறோம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தான், ஒரு பிள்ளை சொன்ன வாதத்தை அதன் குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வராது. வகுப்பு முழுவதையும் இரண்டாகப் பிரித்து எல்லாரையும் பயிற்சியில் சேர்த்துவிட்டு, மேடைக்கு வரும் மூன்று மூன்று பேரைக் கடைசி நாளில் முடிவு செய்யுங்கள். முன்பே பெயர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அன்றோடு உழைப்பதை நிறுத்திவிடுவார்கள்.

7. வாக்கியச் சட்டகங்கள்

காரணங்கள் தமிழில் கையில் இருக்கின்றன. இனி அவற்றை ஊற்றிவைக்க ஆங்கிலத்தில் சில அச்சுகள் வேண்டும். எட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். இருபது கொடுத்தால் ஒன்றும் வாயில் தங்காது. கருத்தைச் சொல்ல இரண்டு, காரணம் சொல்ல இரண்டு, எடுத்துக்காட்டுக்கு ஒன்று, மறுப்புக்கு மூன்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

தமிழ் பேசும் மாணவர் எங்கெங்கே தவறுவார் என்பதை முன்பே கணித்துவிட முடியும், ஏனெனில் அந்தத் தவறுகள் தமிழ் இலக்கணத்திலிருந்தே வருகின்றன. தமிழில் ஒப்பிடும்போது பெயரடை மாறுவதில்லை. ‘இது அதைவிடப் பெரியது’ என்பதில் ‘விட’ என்ற சொல்லே வேலையை முடித்துவிடுகிறது. ஆகவே மாணவர் ‘தேன்’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டு, ‘கவர்ன்மெண்ட் ஸ்கூல் இஸ் சீப் தேன் பிரைவேட் ஸ்கூல்’ என்று நிறுத்திவிடுகிறார். ‘சீப்பர்’ என்று திருத்தியபின், இரண்டையும் சேர்த்து ‘மோர் சீப்பர்’, ‘மோர் பெட்டர்’ என்று சொல்லத் தொடங்குவார். இரண்டில் ஒன்றுதான் வரும் என்பதை, விதியாகச் சொல்வதைவிட, ‘சீப்பர், பெட்டர், நியரர், பிக்கர்’ என்ற நான்கையும் இந்தத் தலைப்புக்கு உரிய சொற்களாகவே வாயில் பழக்கிவிடுவது எளிது.

காரணம் தமிழில் முன்னால் வருகிறது, விளைவு பின்னால் வருகிறது: ‘பள்ளி தூரமாக இருப்பதால் குழந்தை களைத்துவிடுகிறது.’ இதே வரிசையில் ஆங்கிலத்துக்குப் போகும் மாணவர், ‘பிகாஸ் தி ஸ்கூல் இஸ் ஃபார்’ என்று தொடங்கி அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார். இவருக்கு ‘ஸோ’ என்ற சொல்லை முதலில் கொடுங்கள். ‘தி ஸ்கூல் இஸ் ஃபார், ஸோ தி சைல்ட் கெட்ஸ் டயர்ட்’ என்ற வாக்கியம் தமிழ் வரிசையை மாற்றாமலே சரியான ஆங்கிலமாகிறது. ‘பிகாஸ்’ இரண்டாம் நாள் வரட்டும்.

‘இருந்தாலும்’, ‘ஆனால்’ இரண்டையும் நாம் பேச்சில் ஒன்றாகச் சொல்வதால் ‘ஆல்தோ… பட்’ என்று சேர்ந்துவிடும். ‘ஆல்தோ’வை இந்த விவாதத்தில் நான் கட்டாயப்படுத்துவதில்லை; ‘பட்’ ஒன்றை வைத்தே முழு விவாதத்தையும் நடத்த முடியும். ‘இஸ் ஹேவிங்’ என்பதை மட்டும் விடாமல் திருத்துங்கள். ‘அவர் ஸ்கூல் இஸ் ஹேவிங் எ பிக் கிரவுண்ட்’ என்ற வகை வாக்கியம் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது நிமிடத்துக்கு ஒருமுறை வரும். ‘ஹேஸ்’ என்று மாற்றச் சொல்லிப் பழக்கினால் இரண்டு நாளில் நின்றுவிடும்.

8. பதில் சொல்லும் பயிற்சி

பத்தில் மூன்று பாடவேளைகளை இதற்கே வைத்திருக்கிறேன்.

முதலில் எழுத்தில் தொடங்குங்கள். நால்வருக்கு ஒரு தாள். முதல் மாணவர் ஒரு வாதத்தை ஒரே ஆங்கில வரியில் எழுதி அடுத்தவரிடம் தள்ளுவார். அடுத்தவர் அதை மறுத்து ஒரு வரி எழுதுவார். மூன்றாமவர் அந்த மறுப்புக்கு மறுப்பு எழுதுவார். இப்படித் தாள் இரண்டு சுற்று வரும். எழுதும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது, யாரும் சிரிக்கமாட்டார்கள், கையெழுத்தில் பேசும் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் இந்தப் பயிற்சியில் எல்லாரையும் முந்திவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்த நாள் வாய்மொழிக்கு வாருங்கள். இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். விதி ஒன்றே: எதிரே இருப்பவர் சொன்னதை முதலில் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்லலாம். ‘யூ செட் தட் பிரைவேட் ஸ்கூல்ஸ் ஹேவ் ஸ்மாலர் கிளாஸஸ்’ என்று சொல்ல வேண்டும். மற்றவர் ‘யெஸ்’ என்று ஒப்புக்கொண்ட பிறகே ‘பட்’ வரும். தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கும் மாணவர் எதிராளியைக் கேட்பதில்லை. திரும்பச் சொல்ல வேண்டும் என்றால் கேட்டே ஆக வேண்டும். இதில் இன்னொரு பயனும் உண்டு. திரும்பச் சொல்லும் அந்த நான்கைந்து நொடிகளில், பதிலுக்கான ஆங்கிலச் சொற்களை மனம் தேடி எடுத்துவிடுகிறது.

பதில்களில் நான்கு வகை உண்டு என்று சார்ட்டில் எழுதுங்கள். ‘அது உண்மை அல்ல’ என்பது ஒன்று. ‘சிலருக்கு உண்மை, எல்லாருக்கும் அல்ல’ என்பது இரண்டாவது. ‘உண்மைதான், ஆனால் அது அவ்வளவு முக்கியமல்ல’ என்பது மூன்றாவது. ‘உண்மைதான், ஆனால் எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய பயன் இருக்கிறது’ என்பது நான்காவது. இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். ‘தட் இஸ் ட்ரூ ஃபார் சம் சில்ட்ரன், பட் நாட் ஃபார் ஆல்’ என்ற ஒரே வரியை மனப்பாடம் செய்துவிட்டால், பின்னால் ஓர் எடுத்துக்காட்டைச் சேர்த்தாலே பதில் முழுமையாகிவிடும். மிகக் குறைந்த ஆங்கிலம் தெரிந்தவருக்கும் இது கைகொடுக்கும். முதல் வகைக்கு ஆதாரம் வேண்டும் என்பதால், ஐந்தாம் படியில் சேர்த்த செய்திகளோடு இணைத்து அதைக் கடைசியில் வையுங்கள்.

மூன்றாம் நாள் பக்கத்தை மாற்றிவிடுங்கள். அரசுப் பள்ளி அணி தனியார் பள்ளிக்காகவும், தனியார் பள்ளி அணி அரசுப் பள்ளிக்காகவும் இருபது நிமிடம் பேச வேண்டும். மாணவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். எதிரணி என்ன சொல்லப்போகிறது என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரியும். அதற்கான பதிலும் அன்றே தயாராகிவிடும்.

பட்டிமன்றத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். காரைக்குடி கம்பன் விழாவின் பட்டிமண்டபத்தைக் கேட்டு வளர்ந்த வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொலைக்காட்சியில் பார்க்காத பிள்ளையே இல்லை. இரண்டு அணி, நடுவர், முறை வைத்துப் பேசுவது ஆகியவை அவர்களுக்குப் பழக்கமாக இருப்பது நமக்குப் பெரிய வசதி. அதே பழக்கத்தால் நடுவரை விளித்துப் பாராட்டுவதிலும், கதை சொல்லிக் கைதட்டல் வாங்குவதிலும் ஒரு நிமிடம் போய்விடுகிறது. மூன்று மணி நேரம் நடக்கும் மேடைக்கு அது அழகு. தொண்ணூறு நொடி ஆங்கிலப் பேச்சில் அதற்கு இடமில்லை. ‘ரெஸ்பெக்டட் ஜட்ஜ்’ என்று தொடங்கும் நீண்ட வணக்கத்துக்குப் பதிலாக ‘குட் மார்னிங்’ போதும் என்று சொல்லிவிடுங்கள்.

9. இப்போதுதான் உரை

பதில் சொல்லப் பழகிய பிறகு உரை எழுதச் சொன்னால், எழுதும்போதே எதிரணியின் குரல் காதில் விழும். முதல் பேச்சாளருக்குத் தொண்ணூறு நொடி. என் மாணவர்கள் நிமிடத்துக்கு எண்பது சொற்கள் அளவில் பேசுகிறார்கள். ஆகவே நூற்றிருபது சொற்களுக்கு மேல் எழுதவிடுவதில்லை. கருத்து ஒரு வரி, காரணங்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு, முடிவாக ஒரு வரி.

எழுதிய உரையைத் திருத்திக் கொடுத்ததும் அதை வாங்கி வைத்துக்கொண்டு, அரைத்தாளில் பத்துச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேடைக்கு அந்தச் சீட்டு மட்டும்தான் போகும். முழு உரை கையில் இருந்தால் கண் தாளை விட்டு எழாது.

ஆங்கில உரை முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ஒரு கடினமான சொல்லின் ஒலிக்கு அது உதவும். முழு உரைக்கும் செய்தால் எங்கே சொல் பிரிகிறது என்பதே தெரியாமல் ஒலிச் சங்கிலியாகப் போய், நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று சொற்கள் வரை அப்படி எழுத அனுமதி கொடுங்கள்.

10. உச்சரிப்பு

இந்தத் தலைப்பில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் பத்துக்குள்தான் இருக்கும். ‘ஸ்கூல்’, ‘ஸ்டூடண்ட்’, ‘ஸ்டடி’ ஆகியவற்றின் முன்னால் ‘இ’ சேர்ந்து ‘இஸ்கூல்’ ஆவது, ‘ஃபீஸ்’ என்பது ‘பீஸ்’ ஆகி வேறு சொல்லாவது ஆகிய இரண்டையும் திருத்தினால் போதும். மற்ற உச்சரிப்புக் குறைகளை இந்த இரண்டு வாரங்களில் தொடாதீர்கள். பேசுபவரை அடிக்கடி நிறுத்தினால் அவர் பேச்சையே நிறுத்திவிடுவார்.

11. கேட்பவர்களுக்கும் வேலை

மேடையில் ஆறு பேர். கீழே முப்பது பேர். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அரைத்தாள் இருக்க வேண்டும். ஒரு வரிசை அரசுப் பள்ளி அணியின் காரணங்களைக் குறிக்கும், இன்னொரு வரிசை தனியார் பள்ளி அணியின் காரணங்களைக் குறிக்கும், மூன்றாவது வரிசை எந்த வாதத்துக்குப் பதிலே வரவில்லை என்று தேடும். இந்த மூன்றாவது வரிசையில் நன்றாகக் கேட்கும் பிள்ளைகளை உட்கார வையுங்கள், ஏனெனில் முடிவு அவர்கள் குறிப்பைச் சார்ந்தது. விவாதம் முடிந்ததும் கீழே இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். ‘குட் யூ எக்ஸ்ப்ளெய்ன்’ என்ற தொடக்கத்தை முன்பே பழக்கியிருக்க வேண்டும்.

12. விவாத நாள்

முதல் சுற்றில் ஆறு பேரும் அணி மாற்றி மாற்றித் தொண்ணூறு நொடி பேசுவார்கள். பிறகு நான்கு நிமிட இடைவேளை. இந்த இடைவேளையில் அணியினர் தமிழில் கலந்து பேசிக்கொள்ளலாம். இதைத் தடுக்காதீர்கள், நல்ல மறுப்புகள் அப்போதுதான் உருவாகின்றன. இரண்டாம் சுற்றில் ஒவ்வொருவரும் முப்பது நொடி மறுப்பு மட்டும் சொல்ல வேண்டும்; புதிய வாதம் கூடாது. பிறகு கேள்விகள். எல்லாம் சேர்த்து முப்பது நிமிடத்துக்குள் முடியும்.

ஒருவர் நடுவில் திணறி நின்றால் பத்து நொடி காத்திருங்கள். அவருடைய அணியினர் ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கலாம் என்று விதியிலேயே சேர்த்துவிடுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். ஆசிரியர் வாய் திறந்தால் மற்றவர்களும் அவரையே பார்க்கத் தொடங்குவார்கள்.

தீர்ப்பைப் பட்டிமன்ற நடுவர் போல ‘இரண்டும் வேண்டும்’ என்று சொல்லி முடிக்காதீர்கள். எதிரணியின் வாதங்களில் எத்தனைக்கு உண்மையான பதில் வந்தது என்ற ஒரே அளவுகோலை வைத்து, மூன்றாவது வரிசையின் குறிப்புகளை வாசித்து, வென்ற அணியைச் சொல்லுங்கள். உச்சரிப்புக்கும் இலக்கணத்துக்கும் மதிப்பெண் வைத்தால், வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த ஒன்றிரண்டு பிள்ளைகளே எப்போதும் வெல்வார்கள். எந்தப் பள்ளி சிறந்தது என்று இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை என்பதையும், எந்த அணி நன்றாகப் பதில் சொன்னது என்பதையே சொல்கிறோம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

13. மறுநாள்

விவாதத்தின்போது நீங்கள் குறித்துவைத்த தவறான வாக்கியங்களில் எட்டை, யார் சொன்னது என்று குறிப்பிடாமல் கரும்பலகையில் எழுதி, வகுப்பையே திருத்த வையுங்கள். நன்றாக அமைந்த வாக்கியங்கள் நான்கையும் எழுதுங்கள். அவற்றுக்குப் பேசியவரின் பெயரைச் சொல்லலாம்.

பிறகு எல்லாரும், மேடையேறாதவர்களும் உட்பட, தாங்கள் பேசிய பக்கத்துக்கு எதிரான பக்கத்துக்காக எட்டு வரி எழுத வேண்டும். இந்தத் தாள்களைத் திருத்தும்போது, ஒவ்வொரு தாளிலும் ‘பட்’ எங்கே வருகிறது, அதற்கு முன் எதிரணியின் கருத்து நேர்மையாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாத தாள்களைத் தனியே எடுத்துவைத்து, அவர்களை அடுத்த வாரம் மீண்டும் எதிரெதிரே உட்கார வைத்து, எட்டாம் படியின் இரண்டாம் நாள் பயிற்சியை ஒருமுறை செய்யச் சொல்லுங்கள்.